எனக்காக ஓம் சொன்னவர்

பாரிஸ் விமான நிலையத்தில் இருந்து என்னைக் கூட்டிப்போக வந்தவர்கள்: என் தங்கை திரேசா. அவள் புருஷன் பத்திநாதன். அதே விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை, மஞ்சள் வேலைச் சட்டையோடு நின்றார். சிவபாதத்தார், லாசப்பல் என்ற தமிழர் கடைத்தெருவில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர், வான் அவருடையது. வானின் பின் இருக்கையில் ஒரு மூட்டை முருங்கைக்காய், அதற்கும் பெல்ட் போட்டிருந்தார்கள். திரேசாவின் மகள் மெலனி வரவில்லை. அவளுக்காகத்தான் நான் வந்தது.

யுத்தம் முடிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. நான் மன்னாரில் கருவாட்டு வியாபாரம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. திரேசா போனில் விவரம் சொல்லவில்லை. "அண்ணை, நீங்கள் அவளுக்கு ஞானத்தகப்பன். வந்து நில்லுங்கோ" என்றாள். கல்யாண விஷயம் என்று நினைத்தேன். ஐந்து கிலோ பாரைக் கருவாடு கட்டிக்கொண்டு வந்தேன்.

வான் ஓடத் தொடங்கியதும் பத்திநாதன் கண்ணாடியைத் திறந்தார். சிவபாதத்தாரும் திறந்தார். வெளியே குளிர்.

"என்ன கொண்டு வந்தனீங்கள்?" என்றார் சிவபாதத்தார்.

"பாரை."

"நல்ல சாமான்" என்று சொல்லிவிட்டு மற்றக் கண்ணாடியையும் இறக்கினார்.

திரேசா முருங்கைக்காய் மூட்டைக்குப் பக்கத்தில் இருந்து விஷயத்தைச் சொன்னாள். மெலனி அல்லேலூயாக்காரரோடு சேர்ந்துவிட்டாள். அவர்கள் கத்தோலிக்கர் இல்லை. மாதா இல்லை, சொரூபம் இல்லை, பூசை இல்லை. வருகிற ஞாயிறு கூசேன்வில் என்ற இடத்தில் அவளைத் தண்ணீருக்குள் தாழ்த்தி ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறார்கள். குழந்தையில் நாங்கள் கொடுத்தது செல்லாதாம்.

"தண்ணிக்கை இறங்கினாள் எண்டா என்ரை வீட்டுப் படி ஏறக் கூடாது. சொல்லிப்போட்டன். நீங்கள் கதைச்சு நிப்பாட்டுங்கோ அண்ணை. ஞானத்தகப்பன் சொன்னாக் கேப்பாள்."

நான் மெலனியை அதுவரை கண்டதில்லை. அவள் பிறந்தபோது திரேசா கடிதம் போட்டாள். நான் சம்மதம் என்று பதில் போட்டேன். யுத்தக் காலம், போக வழியில்லை. எங்கள் வழக்கப்படி, ஞானத்தகப்பன் வர முடியாவிட்டால் அவர் பெயரில் இன்னொருவர் கோயிலில் நின்று கேள்விகளுக்கு ஓம் சொல்லலாம். பதிவுப் புத்தகத்தில் கடிதம் போட்டவர் பெயர்தான் இருக்கும். எனக்காக யார் நின்றது என்று இருபத்திரண்டு வருஷமாக நான் கேட்டதில்லை. இப்போது கேட்டேன்.

"நான்தான் நிண்டனான்" என்றார் சிவபாதத்தார், ரோட்டைப் பார்த்தபடி.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு இருந்தது.

"உங்களுக்காக நிக்க வாறன் எண்டு சொன்னவன் அண்டு காலமை ஸ்டாலின்கிராட் ரயில் நிலையத்திலை பொலிஸிட்டைப் பிடிபட்டுட்டான், விசாக் காட் இல்லை" என்றாள் திரேசா. "வெள்ளைக்காரச் சாமியார். அடுத்த பிள்ளை வாசல்லை காத்துக்கொண்டு நிக்குது. சிவபாதம் அண்ணை பார்ட்டிக்கு ரோல்ஸ் கொண்டு வந்தவர். பிடிச்சு நிப்பாட்டினன்."

"ரோல்ஸ் தட்டைக்கூட வைக்க விடேல்லை" என்றார் அவர். "சாமியார் கேட்ட எல்லாத்துக்கும் வீ எண்டன். வீ எண்டா ஓம். அப்ப எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அவ்வளவுதான்."

"என்ன கேட்டவர் எண்டு தெரியுமோ?"

"பிறகு ஒராளைக் கேட்டு அறிஞ்சன். சாத்தானை விட்டுவிடுறீரோ எண்டு கேட்டவராம். அதிலை எனக்கு ஆட்சேபணை இல்லை."

வீடு மார்க்ஸ் டோர்மோயில். ஆறாம் மாடி. லிஃப்ட் இல்லை. நாலாம் மாடியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி கதவைத் திறந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். "செத்தது யார் எண்டு கேக்கிறா" என்றார் பத்திநாதன். நான் பாரை என்று சொல்லச் சொன்னேன். அவர் சொல்லவில்லை.

மெலனி பின்னேரம் வேலையால் வந்தாள். காப்புறுதிக் கந்தோரில் வேலை. இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். எங்கள் பக்கம் அப்படி வழக்கமில்லை. நான் அசையாமல் நின்றேன். காதில் தோடு இல்லை, சபையில் நகை கூடாதாம். அவளுடைய அறைச் சுவரில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. அதில் இருந்த மடு மாதா படம் குசினியில் வெங்காயக் கூடைக்கு மேலே சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. கழற்றியவள் மகள். குசினியில் வைத்து மெழுகுதிரி கொளுத்துகிறவள் தாய்.

புட்டும் கணவாய்க் கறியும். சாப்பிடமுன் திரேசா சிலுவை போட்டுச் சத்தமாகச் செபம் சொன்னாள். அது முடிய மெலனி கண்ணை மூடினாள். அவளுடைய செபம் நீளம். திரேசா மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கறி ஆறியது. பத்திநாதன் இரண்டாவது செபம் முடியமுன் சாப்பிட்டு முடித்துவிட்டார். பழகிய ஆள்.

புதன்கிழமை பத்திநாதன் லீவு. ஊர் காட்டக் கூட்டிப்போனார். நிலத்துக்குக் கீழே ஓடுகிற ரயில். டிக்கெட்டை ஓட்டைக்குள் விட்டால் கதவு திறக்கிறது, ஆனால் நிறைய நேரம் திறந்திருப்பதில்லை. என்னை நடுவில் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த ஒரு கறுப்பினத்து ஆள் என்னைக் கையால் தள்ளி விடுவித்துவிட்டு, தானும் என் டிக்கெட்டிலேயே உள்ளே வந்தார். இரண்டு பேருக்கும் உதவி.

இரும்புக் கோபுரம் பார்த்தேன். உப்புக் காற்று இல்லாத ஊர் என்பதால் நிற்கிறது. மன்னாரில் வைத்தால் பத்து வருஷம் தாங்காது. பிறகு ஆறு. தண்ணீர் பச்சை. மீன் பிடிக்க ஒருவரும் இல்லை. பாண் ஒரு கை நீளம், தோல் வாயைக் கீறுகிறது, உள்ளே நல்லது. அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். சுற்றிக் கொடுக்கும் கடதாசி கைபிடிக்கிற இடத்துக்கு மட்டும்தான்.

அன்று பின்னேரம் மெலனியோடு கதைத்தேன். மேசையில் அவள், நான், நடுவில் பத்திநாதன். அவளுக்குத் தமிழ் விளங்கும், கொஞ்சம் பேசுவாள். பெரிய விஷயம் என்றால் பிரெஞ்சுக்குப் போய்விடுவாள். திரேசா குசினியில் பாத்திரம் கழுவினாள். தண்ணீரை நிற்பாட்டி வைத்துக் கழுவினாள், கேட்க வேண்டும் என்பதற்காக.

"ஏன் பிள்ளை?" என்றேன்.

அவள் பிரெஞ்சில் நிறைய நேரம் பேசினாள். முடிய பத்திநாதன், "விருப்பமாம்" என்றார்.

"அவ்வளவு நேரமும் அதையோ சொன்னவள்?"

"இல்லை."

"சொன்னதைச் சொல்லும்."

அவர் மேசை விரிப்பைத் தடவிக்கொண்டு சொன்னார். போன வருஷம் அவள் மனம் சரியில்லாமல் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதை எனக்கு ஒருவரும் அறிவித்திருக்கவில்லை. அம்மா பூசை கொடுத்தாள், நவநாள் வைத்தாள், மெழுகுதிரி கொளுத்தினாள். ஆஸ்பத்திரிக்கு வந்தால் அழுதாள். சபைப் பெண்கள் இரண்டு பேர் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து பக்கத்தில் இருந்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் ஒருத்தி சீப்பால் தலை இழுத்துவிட்டாள். "அண்டைக்குத்தான் பசிச்சுதாம்" என்றார் பத்திநாதன்.

குசினியில் ஒரு கரண்டி விழுந்தது.

மெலனி தமிழில் சொன்னாள்: "மாமா, எனக்கு அம்மாவிலை கோவம் இல்லை. முதல் ஞானஸ்நானத்திலை எல்லாரும் எனக்காகச் சொன்னவை. நீங்கள் கடிதத்திலை சொன்னீங்கள். தொந்தோன் வாயாலை சொன்னவர். நான் ஒண்டும் சொல்லேல்லை. நான் சொல்லவேணும்."

தொந்தோன் என்றால் பிரெஞ்சுப் பிள்ளைகள் மாமாவைக் கூப்பிடுகிற செல்லப் பெயர். சிவபாதத்தாரைச் சின்னதில் இருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறாளாம்.

நான் குசினிப் பக்கம் திரும்பித் தேத்தண்ணி கேட்டேன்.

வியாழக்கிழமை சிவபாதத்தாரின் கடையில் இருந்தேன். லாசப்பலில் இறங்கினால் பாரிஸ் என்று சொல்ல ஏலாது. பிள்ளையார் படம், புடவைக் கடை, கொத்துரொட்டிச் சத்தம். கருவாடும் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். உப்புக் கூட, வெயில் காணாது. எங்கேயோ அறைக்குள் வைத்துக் காய வைத்தது.

"விக்குதோ?" என்றேன்.

"வேறை என்ன செய்யிறது. இஞ்சை உள்ளதுகள் வெயிலைக் கண்டு கனகாலம்" என்றார்.

அந்த நேரம் பச்சை மிளகாய் வாங்க ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, கை தோல் உரிந்திருந்தது. அவர்தான் மெலனியின் சபைப் பாஸ்டர். கிழமை நாளில் ரெஸ்டோரண்டில் பாத்திரம் கழுவுகிறவர். யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் கத்தோலிக்கராகப் பிறந்தவர், சின்னதில் பூசைக்கு உதவிப் பெடியனாக நின்றவர். என்னை யாரென்று அறிந்ததும் கை கொடுத்தார்.

"மெலனி சொன்னவ. நீங்கள் வந்தது நல்லது ஐயா. ஞாயிறு வாங்கோ."

சிவபாதத்தார் மிளகாயை நிறுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்டர், ஒண்டு கேக்கவேணும். நான் சொன்ன ஓம் செல்லாதோ?"

"அண்ணை, அது உங்களிலை பிழை இல்லை. குழந்தைக்கு விசுவாசம் இல்லை. தனக்கு என்ன நடக்குது எண்டு அதுக்குத் தெரியாது."

"குழந்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"நீங்கள் சைவம்."

"ஓம். அதுக்கு?" அவர் மிளகாயைத் தராசில் போட்டார். "பிள்ளையை வேதத்திலை வளர்ப்பீரோ எண்டும் அந்தச் சாமியார் கேட்டவர். வீ எண்டன். சொன்னாச் செய்யவேணுமே. தாயும் தேப்பனும் ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எட்டு வருஷம் நான்தான் வானிலை கொண்டுபோய் ஞானோபதேச வகுப்புக்கு விட்டனான். வகுப்பு முடியும் மட்டும் வெளியிலை நிண்டனான். வாற வழியிலை செபம் எல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டனான். மங்கள வார்த்தைச் செபம் எனக்குப் பிரெஞ்சிலை பாடம். தமிழிலை தெரியாது."

அந்த இடத்திலேயே சொல்லிக் காட்டினார். நிறுத்தாமல் முழுக்கச் சொன்னார். பாக்கு வாங்க நின்ற கிழவர் கை கூப்பினார், எதற்கென்று தெரியாமல்.

பாஸ்டர் பொறுமையான ஆள். கேட்டு முடிய, "அண்ணை, மனுஷர் சொன்ன வார்த்தைக்கும் வேதத்திலை இருக்கிற வார்த்தைக்கும் வித்தியாசம் இருக்கு" என்றார். "இதுக்காகத்தான் எங்கடை ஆக்கள் ரத்தம் சிந்தினவை. இந்தப் பாரிஸிலையே கத்தோலிக்கர் எங்கடை ஆக்களை வெட்டி ஆத்திலை போட்டவை. ஆறு சிவப்பா ஓடினதாம்."

சிவபாதத்தார் திடுக்கிட்டார். "எப்ப?"

"நானூறு வருஷத்துக்கு மேலை இருக்கும்."

"நான் போன கிழமையாக்கும் எண்டு பயந்துபோனன்." மிளகாயைப் பையில் போட்டுக் கொடுத்தார். "நீங்கள் சொன்ன அந்த நேரம் எங்கடை ஊரிலை கத்தோலிக்கப் பறங்கியன் சைவக் கோயில் எல்லாம் இடிச்சுக்கொண்டு திரிஞ்சவன். பிறகு உங்கடை பக்கத்து ஒல்லாந்தன் வந்து அவன்ரை கோயிலைப் பூட்டினவன். நீங்கள் ரெண்டு பகுதியும் கணக்குப் பாத்து முடிச்சுப்போட்டு எனக்கு ஒருக்கா அறிவியுங்கோ."

பாஸ்டர் சிரித்தார். ஒரு கட்டுக் கறிவேப்பிலையும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை திரேசா என்னைத் தமிழ்ச் சுவாமியாரிடம் கூட்டிப்போனாள். வயது முப்பத்தைந்து இருக்கும். ஜீன்ஸ் போட்டிருந்தார். திரேசா எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அக்கா, முதல் ஞானஸ்நானம் நல்லாச் செல்லும். எங்கேயும் போகாது. அவையள் தண்ணிக்கை தாட்டா பிள்ளை நனையும், அவ்வளவுதான்" என்றார்.

"அப்ப பாவம் இல்லையோ ஃபாதர்?"

"பிழை. ஆனா அதுக்காகப் பிள்ளையை வீட்டை விட்டு அனுப்பிறது அதைவிடப் பெரிய பிழை."

திரேசா எழும்பி முழங்காலில் நின்று ஆசீர்வாதம் வாங்கினாள். வெளியே வந்ததும், "இவருக்கு வயசு காணாது" என்றாள்.

சுவாமியார் சொன்னது எனக்குச் சுகமாக இல்லை. ஆனால் அது வேறு காரணம்.

எங்கள் ஊருக்கு அல்லேலூயாக்காரர் யுத்தத்துக்குப் பிறகு வந்தார்கள். முதலில் அரிசி கொடுத்தார்கள். பிறகு கூரைத் தகரம். பிறகு செபக்கூட்டம். ஒரு வீடுதான் சேர்ந்தது, அருளப்பு என்ற படகோட்டியின் வீடு. சேர்ந்த பிறகு அவனுடைய மீனை ஒருவரும் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை. அடுத்த வருஷம் அவனுடைய தாய் செத்தாள். எங்கள் சேமக்காலைக்குப் புதைக்கக் கொண்டுவந்தான். ஊர் ஆண்கள் கேற்றை மறித்து நின்றோம். அவன், "நான்தானே சேந்தனான். அம்மா சேரேல்லையே" என்றான். உண்மைதான். கிழவி கடைசிவரை செபமாலை சொன்னவள். ஒருவரும் விலகவில்லை. பெட்டியை உழவு மெஷினில் ஏற்றி வேறு எங்கேயோ கொண்டுபோனான். நான் கடைக்குப் போய்க் கருவாடு நிறுத்தேன்.

கேற்றில் எனக்கு நல்ல இடம் கிடைத்திருந்தது. நடுவில். அவனுடைய முகம் எனக்கு நேரே இருந்தது.

இதைத் திரேசாவுக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அவள் கோழி வாங்க வேண்டும் என்றாள். வாங்கினோம்.

சனிக்கிழமை திரேசா ஒரு பெரிய பெட்டியை எடுத்து மெலனியின் உடுப்புகளை அடுக்கினாள். அடுக்கி, பூட்டி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மெலனி அதைப் பார்த்துக்கொண்டு பல் விளக்கப் போனாள். பத்திநாதன் ஞாயிறு வேலைக்கு மாறிக்கொண்டதாக அறிவித்தார். அவருடைய லீவு நாளை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்.

"இந்த வீட்டிலை நான் மட்டும்தான் கத்தோலிக்கம்" என்றாள் திரேசா.

"நானும்தான்" என்றார் பத்திநாதன்.

"நீங்கள் விமான நிலையம்."

பின்னேரம் மெலனி என்னிடம் வந்தாள். நான் யன்னலால் எதிர்வீட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு பார்க்க ஒன்றும் இல்லை.

"மாமா, தண்ணியாலை வரேக்கை துவாய் பிடிக்க ஒவ்வொருத்தருக்கும் வீட்டு ஆள் ஒருத்தர் நிக்கவேணும். எனக்கு ஒருத்தரும் இல்லை."

"அம்மாவைக் கேட்டனியோ?"

"கேட்டனான். பெட்டியைக் காட்டினவ."

நான் யோசிக்கிறேன் என்றேன். அவள் சரி என்றாள். பிறகு திரும்பி வந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். இந்த முறை தலையைக் கொஞ்சம் குனிந்தேன்.

ஞாயிறு காலை அவள் சபைக்காரரோடு நேரத்துக்கே போய்விட்டாள். நான் திரேசாவோடு முதல் பூசைக்குப் போனேன். பிறகு வீட்டு வாசலில் அவள் பெட்டியை என்னிடம் தள்ளினாள்.

"இதைக் கொண்டுபோய் அவளிட்டைக் குடுங்கோ. அங்கையே இருக்கட்டும். நீங்கள் உள்ளை போகாதேங்கோ அண்ணை. கேற்றிலை நிண்டு குடுத்திட்டு வாங்கோ."

"கேற்றிலை நிக்க எனக்கு ஏலாது" என்றேன்.

"ஏன், காலோ?"

"இல்லை."

 குசினியில் கொடியில் கிடந்த துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஆறு மாடி. பெட்டி கனம்.

கீழே சிவபாதத்தார் நின்றார். வான் கராஜில். "நானும் வாறன். என்ரை ஓம் அழிபடுறதை நேரிலை பாக்கவேணும்" என்றார். வேட்டி இல்லை, கோட்டு போட்டிருந்தார். திருநீறு இருந்தது.

கார் து நோர் என்ற பெரிய நிலையத்தில் கீழே ஒரே மேடையில் இரண்டு விதமான ரயில் வருகிறது. சிவபாதத்தார் இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருஷம். ஆனால் எல்லா இடத்துக்கும் வானில் போகிறவர். வந்த முதல் ரயிலில் ஏற்றினார். நான் பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்தேன். அரை மணித்தியாலம் ஓடியது. பெட்டி வைத்திருந்த ஆட்கள் கூடிக்கொண்டு வந்தார்கள். எதிரில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் என் பெட்டியைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்லுறா?"

"நல்ல பயணமாக அமையட்டுமாம்" என்றார் சிவபாதத்தார். பிறகு முகம் மாறியது.

கடைசி நிலையம் விமான நிலையம். வந்து ஒரு கிழமை ஆகமுன் திரும்பவும் அதே இடத்தில் பெட்டியோடு நின்றேன். சிவபாதத்தார் பத்திநாதனுக்குப் போன் எடுத்தார். பத்திநாதன் மஞ்சள் சட்டையோடு ஓடி வந்தார். மகளின் பெட்டியைக் கண்டதும் ஓட்டம் நின்றது.

"கூசேன்வில் பக்கத்திலைதான். காரிலை விடுறன்" என்றார். "பதினஞ்சு நிமிஷம்தான் கேட்டிருக்கிறன். நான் உள்ளை வரமாட்டன்."

காரில் பெட்டியைத் தன் மடியில் வைக்கச் சொல்லிச் சிவபாதத்தார் கேட்டார். பிழை தன்னுடையது என்று நினைத்தார் போலும்.

சபை கூடுவது டயர்க் கடைக்குப் பின்னால் ஒரு மண்டபம். தகரக் கூரை. அதற்கு மேலே விமானம் பதிந்து பறக்கிறது. ஒவ்வொன்றும் வரும்போது பாஸ்டர் பேச்சை நிறுத்தி, கையை மேலே பிடித்தபடி நின்று, சத்தம் போனதும் விட்ட சொல்லில் இருந்து தொடங்குகிறார். ஒரு சொல்லையும் தவறவிடவில்லை. கேட்கிறவர்களும் அப்படியே வாயைத் திறந்தபடி காத்திருக்கிறார்கள்.

நடுவில் காற்று ஊதிய பிளாஸ்டிக் தொட்டி. சின்னப் பிள்ளைகள் குளிக்கிறது, ஆனால் பெரியது. பக்கத்தில் டால்பின் படம். டயர்க் கடைக் குழாயில் இருந்து நிரப்பியிருந்தார்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி. இரண்டு பெண்கள் கேத்தில் கேத்திலாகச் சுடுதண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். அந்தத் தொட்டிக்கு அது காணாது. ஆனாலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

மெலனி வெள்ளை உடுப்போடு வரிசையில் கடைசியாக நின்றாள். எனக்காக ஆட்களை முன்னே விட்டு விட்டு நின்றிருக்கிறாள். என் தோளில் துவாயைக் கண்டாள். பிறகு பெட்டியைக் கண்டாள். 

பாஸ்டர் சிவபாதத்தாரைக் கண்டார். "வாங்கோ அண்ணை. மனம் மாறிட்டீங்களோ?"

"இல்லை. பெட்டி காவ வந்தனான்."

மெலனி தண்ணீரில் இறங்கினாள். பல் கிட்டியது. பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவளுடைய தலைக்குப் பின்னால் கை வைத்தார். இயேசுவைத் தன் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறாளா என்று கேட்டார். விமானம் வந்தது. எல்லாரும் காத்திருந்தோம். போனது.

"ஓம்" என்றாள்.

எனக்குப் பின்னால் "வீ" என்று ஒரு சத்தம். திரும்பினேன். சிவபாதத்தார்.

"பழக்கம்" என்றார்.

பாஸ்டர் அவளைச் சாய்த்துத் தாழ்த்தி எடுத்தார். இருமிக்கொண்டு எழும்பினாள். ஆட்கள் பாடினார்கள். நான் துவாயை விரித்துக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தேன். துவாய் குசினித் துவாய். ஒரு தோளுக்குத்தான் காணும்.

ஒரு பெண் பெட்டியைத் திறந்தாள், மாற்று உடுப்பு எடுக்க. மேலேயே பெரிய தடித்த துவாய் ஒன்று மடித்து இருந்தது. அதற்குக் கீழே கம்பளிக் காலுறை நாலு சோடி. நடந்துகொண்டிருந்தது ஜூன் மாதம். தலை காயவைக்கிற மெஷின். தடிமன் தைலம். ஒரு டின் பருத்தித்துறை வடை. சுவெட்டரில் சுற்றிய ஒரு சாமான். மெலனி பிரித்துப் பார்த்தாள். மடு மாதா படம். சபைப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மெலனி அதைத் திரும்பவும் சுவெட்டரில் சுற்றினாள். முன்பு இருந்ததை விட இறுக்கமாகச் சுற்றி, பெட்டிக்குள் வைத்தாள். பிறகு துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு அழுதாள். தைலத்தை நான் எடுத்து வைத்துக்கொண்டேன், தேவைப்படும் என்று.

வாசலில் பத்திநாதன் நின்றார். உள்ளே வரவில்லை, வெளியேயும் போகவில்லை. பதினைந்து நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது.

"இனி எங்கை போறாய் பிள்ளை?" என்றார்.

அவள் ஒரு சபைப் பெண்ணைக் காட்டினாள். அந்தப் பெண் தலையாட்டினாள். அவளிடம் ஒரு சோஃபா இருக்கிறதாம்.

சிவபாதத்தாரின் போன் அடித்தது. பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். திரேசா.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

போனில் சட்டி மூடுகிற சத்தம் கேட்டது.

"எத்தினை தரம் தாட்டவை?"

"ஒருக்கா."

"ஒருக்காத்தானோ?"

"ஒருக்காத்தான்."

"போனைச் சத்தமாப் போடுங்கோ. அவளுக்கும் கேக்கவேணும்."

எனக்கு அது தெரியாது. பத்திநாதன் உள்ளே வந்து வாங்கி எதையோ அமத்தினார். மெலனி துவாயோடு கிட்ட வந்தாள். பாஸ்டர் ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்.

"சிவபாதம் அண்ணை" என்றது போன். "அண்டைக்குச் சாமியார் இவளின்ரை தலையிலை எத்தினை தரம் தண்ணி ஊத்தினவர்? எனக்குத் தெரியும். ஆனா பக்கத்திலை நிண்ட சாட்சி நீங்கள். உங்கடை வாயாலை சொல்லுங்கோ. எங்கடை எண்ணிக்கை அவையின்ரையை விடக் கூட எண்டா, எங்கடை ஞானஸ்நானம் அழியேல்லை. அப்ப பிள்ளையையும் பெட்டியையும் சோறு ஆற முன்னம் வீட்டை கொண்டு வந்து விடுங்கோ."

விமானம் ஒன்று வந்தது. எல்லாரும் அது போகும்வரை நின்றோம். சிவபாதத்தார் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு போனுக்குக் கிட்டக் குனிந்தார்.

"மூண்டு."